கடற்பாசிக்கு ஓர் அரசாணை

கடலுக்கு அடியில் காடு வளர்க்க இன்று பல அரசுகள் பணம் ஒதுக்குகின்றன. கெல்ப் என்ற பெரிய பழுப்புநிறக் கடற்பாசிகள் அடர்ந்து நிற்கும் இடம்தான் அந்தக் காடு. குளிர்ந்த நீர் வேண்டும் என்பதால் நம் பக்கக் கடலில் அது வளராது. பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆகையால், பாசியை அரசு நிர்வகித்த பழைய கதையை அந்த மொழியிலேயே படிக்க முடிந்தது.

1681-ல் பதினான்காம் லூயி மன்னர் கடல்துறைக்கு ஒரு பெரிய சட்டம் கொண்டுவந்தார். அதில் ஒரு தலைப்பு முழுக்கக் கடற்பாசி அறுவடை பற்றியது. கெல்ப்போடு பாறைகளில் வளரும் மற்றப் பாசிகளும் அதில் அடக்கம். கரையோர ஊர்மக்கள் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கூடி, அறுவடை எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடியும் என்று தீர்மானிக்க வேண்டும். இரவில் அறுக்கக்கூடாது. வெளியூராருக்கு விற்கக்கூடாது. மீறினால் 50 லீவ்ர் அபராதம், குதிரையும் பறிமுதல். பாறைகளைப் பிரபுக்கள் தமக்கென்று வளைத்துக்கொள்ளவும் தடை. ஆனால் அலை கரையில் ஒதுக்கிய பாசியை யாரும் எப்போதும் அள்ளலாம். வயலுக்கு அதுதான் உரம்.

பாசியை எரித்த சாம்பலுக்குக் கண்ணாடி உலைகளில் நல்ல கிராக்கி. ஏழைகளுக்கு அது கைக்காசு. ஆனால் பாசி போனால் மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை என்று புகார் எழுந்தது. 1731-ல் வந்த அரசாணை, நார்மண்டிக் கரையின் பெரும்பகுதியில் எரிப்பதைத் தடுத்தது. பிறகு, புகையால் பயிர் கருகுகிறது, நோய் வருகிறது என்றும் மனுக்கள் வந்தன.

கடைசியில் அரசு செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. அறிவியல் கழகத்தின் தியே, ஃபுழுரு இருவரையும் கரைக்கே அனுப்பியது. அவர்கள் நேரில் பார்த்து, புகைமேல் சொன்ன குற்றத்துக்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். 1772-ல் தடை நீங்கியது. இடையில் 41 ஆண்டுகள்! ஒரு தலைமுறையின் அடுப்பு எரியவில்லை.

பின்னாளில், 1811-ல், அதே சாம்பலைக் கையாண்டபோதுதான் கூர்துவா அயோடினைக் கண்டுபிடித்தார்.

இன்றைக்கு வருவோம். வட கலிஃபோர்னியாவில் 2013 முதல் நட்சத்திர மீன்கள் நோயில் செத்தன. அவை தின்று கட்டுப்படுத்திய கடல் முள்ளெலிகள் பெருகின. 2014 முதல் கடலும் சூடேறியது. கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. மெண்டொசினோ கரையில் முள்ளெலிகளை அள்ளி எடுக்க, அந்தத் தொழில் தெரிந்த முக்குளிப்பவர்களுக்கே அரசுப் பணத்தில் கூலி தரப்பட்டது. தென்கொரியா 2011-ல் இதற்கென்று ஒரு நிறுவனம் அமைத்தது. மே 10-ஐக் கடலில் செடி நடும் நாளாகவும் வைத்திருக்கிறது.

குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கோப்பில் மனு சேரச் சேர, அதுவே சாட்சி போலத் தோன்றிவிடும். பாசியை நடுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, கடலில் இறங்கிப் பார்ப்பதற்கும் போகவேண்டும். முள்ளெலி இருக்கும் இடத்தில் நாற்று நட்டால் அது முள்ளெலிக்குத்தான் தீனி.