முட்டையும் முஹ்தஸிபும்: சேர்வராயன் மலை முதல் பல்பொருள் அங்காடி வரை



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலையூர்களுள் ஒன்று தலைச்சோலை. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியை நட்டுவைத்தார். அதன்பின் மலையின் முகமே மாறிற்று. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் இங்கே நிலைத்து வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டியதில்லை. மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது வழிவழிக் கதை. அவர்களுடைய வீட்டு முற்றத்தில் சாமை, ராகி பொறுக்கித் திரியும் நாட்டுக்கோழிதான் நமது கட்டுரையின் தொடக்கம்.

நாட்டுக்கோழி ஓர் ஆண்டில் அறுபது எழுபது முட்டையிட்டால் அதிகம். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து, அவற்றை வளர்த்து ஆளாக்கிய பிறகே மறுமுறை முட்டையிடும். வீட்டுத் தேவை போக விற்பதற்கு எஞ்சுவது சொற்பம். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு, சமவெளியில் குளிரூட்டிய பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்து பாருங்கள். மங்கிய பழுப்பு நிறத்தில், ஆறு ஆறாகப் பெட்டியிலிட்டு, ஓலைக்குடிசையும் சேவலும் வரைந்து, 'நாட்டுக்கோழி முட்டை' என்று எழுதி அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். நாள் தவறாமல், பருவம் தவறாமல் அந்த அடுக்கு குறையாதிருக்கும். எத்தனை ஆயிரம் முற்றங்கள் சேர்ந்தால் அந்த அடுக்கு நிறையும் என்று நாம் கேட்பதில்லை. விலை இருமடங்கானாலும் 'பிள்ளைகளுக்கு நல்லது' என்று எடுத்துவிடுகிறோம்.

முட்டை வாங்குவது அற்பமான காரியம், அதற்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கருதலாம். நம் இமாம்கள் அவ்வாறு கருதவில்லை. விற்கப்படும் பொருளை வாங்குபவர் பார்த்திருக்க வேண்டும் என்பது வணிகச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. அப்படியானால் ஓட்டுக்குள் இருப்பதை எவ்வாறு வாங்குவது? ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், ஷாஃபி மத்ஹபினர் இன்றும் ஓதிவரும் 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்னும் நூலில் இதற்கு விடை கூறுகிறார்கள். மாதுளைத் தோல், முட்டை ஓடு போன்றவை உள்ளிருப்பதைக் காப்பதற்காக இயற்கையாகவே அமைந்த உறைகள். ஆதலால் வெளிப்புறத்தைப் பார்த்தாலே போதும், விற்பனை செல்லும் என்பது அதன் கருத்து. ஓட்டை உடைத்துக் காட்டச் சொன்னால் பொருளே கெட்டுவிடும் அல்லவா?

இச்சலுகையின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். உள்ளே பார்க்கும் உரிமையை வாங்குபவர் விட்டுக்கொடுத்த அக்கணமே, பொருளைப் பற்றிய முழுப் பொறுப்பும் விற்பவரின் சொல்லுக்கு மாறிவிடுகிறது. மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நிகழ்ச்சி இது. தானியக் குவியலுக்குள் கை விடலாம். முட்டைக்குள் விட முடியாது. ஆகவே முட்டை விற்பவரின் பொறுப்பு தானியம் விற்பவரின் பொறுப்பைவிடக் கூடுதலானது என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

பிற்கால முஸ்லிம் நகரங்களில் இப்பொறுப்பைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்னும் கடைவீதி அதிகாரி இருந்தார். எடை, அளவை, கலப்படம், தெருவை அடைத்துக் கடை பரப்புதல் யாவும் அவர் பார்வைக்கு உட்பட்டவை. 12-ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ என்பவர் சிரியா வட்டாரத்து முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். தொழில் தொழிலாக எடுத்துக்கொண்டு அவரவர் செய்யும் தில்லுமுல்லுகளை விவரிக்கும் அந்நூலில், மருந்துக் கடைக்காரர்களைப் பற்றிய இடம் வந்ததும் அவர் சற்றுத் தயங்குகிறார். அதிகம் அறியப்படாத ஏமாற்று வித்தைகளை எழுதிவைத்தால், தெரியாதவனும் படித்துக் கற்றுக்கொள்வான் என்ற அச்சம் அவருக்கு! டில்லியில் அலாவுத்தீன் கில்ஜியின் காலத்தில் இக்கண்காணிப்பு கொடுமையாகவே மாறிற்று. எடை குறைத்த கடைக்காரனின் உடலிலிருந்து குறைந்த அளவுக்குச் சதையை அறுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பரனீ எழுதுகிறார். அதை நாம் இஸ்லாமிய நீதி என்று பெருமை பேச முடியாது.

இனி மலைக்குத் திரும்புவோம். ஏமாற்று என்றால் கடைக்காரர் நம்மை ஏமாற்றுவது மட்டும்தானா? மலையூர்ப் பெண் ஒருத்தியிடம் பத்து முட்டைகள் இருக்கின்றன என்று கொள்வோம். கீழே சந்தையில் என்ன விலை போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டு வாசலுக்கே வரும் வியாபாரி, இப்போது விலையே இல்லை என்று கூறிக் குறைந்த காசுக்கு வாங்கிச் சென்றால், அந்தப் பத்து முட்டையும் நல்ல முட்டையாக இருந்தும் அங்கே ஒரு மோசடி நடந்துவிட்டது. சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின், விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். விலை அறியாதவரின் அறியாமையை இலாபமாக்கக் கூடாது என்பதே அத்தடையின் உட்கருத்து. 'மலை முட்டை' என்று இருமடங்கு விலை கொடுக்கும் நாம், அதில் மலைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்றும் கேட்டாக வேண்டும்.

விலை அறியாமையின் துயரத்தை இதே மாவட்டம் பெரிய அளவில் கண்டது. நாமக்கல் இன்று தனி மாவட்டம். ஆனால் 1997 ஜனவரி 1 வரை அது சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மழை குறைந்த அந்த வறண்ட நிலத்தில் விவசாயிகள் 1970களில் கோழிப்பண்ணைக்குத் திரும்பினர். கூண்டில் அடைத்து, கலப்புத் தீவனம் கொடுத்து வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழி, அடைக்கு உட்காராமல் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை தரும். முட்டை பெருகிற்று, விலை மட்டும் பண்ணையாளர் கையில் இல்லை. பெருநகர மொத்த வியாபாரிகள் சொன்னதே விலை. அடக்க விலைக்கும் கீழே விற்க நேர்ந்து பலர் பண்ணையை மூடினர். இந்நிலையில்தான் பி. வி. ராவ் அவர்களின் முன்முயற்சியால் 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. தம் முட்டைக்குத் தாமே விலை கூறுவது என்று பண்ணையாளர்கள் உறுதிகொண்டனர். அன்று முதல் நாமக்கல் மண்டல விலை அறிவிக்கப்பட்டு, 'இத்தனை காசு' என்று நாளேடுகளில் வருகிறது. அது கட்டளை விலையன்று, பரிந்துரை விலைதான். இருந்தாலும் ஓர் ஏழைப் பண்ணையாளரும் காலையில் செய்தித்தாளைப் பார்த்து விலையறியும் நிலை வந்தது.

1989 ஜூன் 3 அன்று தமிழக அரசு சத்துணவில் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்த்தது. அது படிப்படியாக வளர்ந்து, 2010-இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றாயிற்று. நாமக்கல் பண்ணைகளுக்கு இது நிலையான சந்தை. ஏழைப் பிள்ளைகளின் தட்டில் விழுந்ததும் சுவர்க்கோழியும் அறியாத வெள்ளைப் பண்ணை முட்டையே. அப்பிள்ளைகள் அதனால் ஊட்டம் பெற்றார்கள் என்பதை, பழுப்பு முட்டைக்கு மயங்கும் நாம் மறந்துவிடுகிறோம்.

ஏனெனில் ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. பழுப்பு முட்டையிடும் இனங்களையும் கூண்டில் ஆயிரக்கணக்கில் வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். மஞ்சள் கருவின் அடர்நிறமும் சான்றாகாது. தீவனத்தில் மக்காச்சோளமோ செண்டுமல்லி இதழோ மிகுந்தால் கரு தானே சிவக்கும். இன்னும் கீழே இறங்கி, வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நாட்டு முட்டையென விற்றவர்களைப் பற்றிய செய்திகளும் தமிழ் நாளேடுகளில் வந்துள்ளன. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் பூசிய சாயம் துணியில் இறங்கும். இயற்கை நிறம் இறங்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பிளாஸ்டிக் முட்டை' கதை மட்டும் வீண் புரளி. ஒரு முட்டை விலைக்குள் ஓடும் சவ்வும் வெண்கருவும் செய்து இலாபம் பார்க்க எவராலும் இயலாது. தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து அதைப் பகிர்வோர், பொய்யைப் பரப்பும் பாவத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அங்காடியின் தந்திரங்கள் இவற்றைவிட நாகரிகமானவை. பல சட்டத்துக்கு உட்பட்டவையும்கூட. பெட்டியிலுள்ள தேதி பொதிந்த தேதி; கோழி இட்ட தேதி வேறு. முப்பது முட்டை கொண்ட அட்டை கண்ணில் படாத கீழ்த்தட்டில் இருக்கும். ஆறு முட்டைப் பெட்டி கண் மட்டத்தில் நிற்கும். ஒரு முட்டைக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். இதற்காகவே பொதிந்த பண்டங்களுக்கான எடையளவு விதிகளில் 2021-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. எண்ணிக்கையில் விற்கும் பொதிக்கு ஒன்றின் விலையையும் அச்சிட வேண்டும் என்பது அது. அன்றைய நாமக்கல் காசு விலையை அந்த எண்ணின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓலைக்குடிசைப் படத்துக்கு நாம் கொடுக்கும் கூலி தெரிந்துவிடும். போக்குவரத்து, கடை வாடகை, நியாயமான இலாபம் இவற்றுக்கு இடம் விட்டுத்தான் சொல்கிறோம். வியாபாரியின் இலாபம் ஹலால்.

புதுமையை அறிய நம் பாட்டிமார் செய்த சோதனை இன்றும் பொய்ப்பதில்லை. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே நாளாக நாளாக ஈரம் வெளியேறி, பருத்த முனையில் காற்றறை பெரிதாகும். ஆகவே தண்ணீரில் புது முட்டை படுக்கும், பழையது நிமிரும், கூமுட்டை மிதக்கும்.

வீட்டுக்கு வந்து உடைத்தபின் கூமுட்டை என்று தெரிந்தால்? ஹிஜ்ரி 593-இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்களின் 'ஹிதாயா' ஹனஃபி மத்ஹபின் தூண். முட்டையையோ முலாம்பழத்தையோ வாங்கி உடைத்து, எதற்கும் பயன்படாதபடி கெட்டிருக்கக் கண்டால் முழுக் கிரயத்தையும் திரும்பப் பெறலாம் என்கிறது அது. கெட்டுப்போனது பொருள் என்ற தகுதியையே இழந்துவிட்டது. பொருளே இல்லாதபோது விற்பனை எங்கே? மின்ஹாஜின் விரிவுரையாளர்களும் அழுகிய கோழிமுட்டையில் இதே முடிவுக்கு வருகிறார்கள். உடைத்தது நீங்கள்தானே என்று கடைக்காரர் வாதாட முடியாது, உடைக்காமல் குறையை அறிய வழியில்லை. எனினும் நம்முடைய சகோதரர்கள் நடத்தும் கடைகள் உட்படப் பல கடைகளின் ரசீதில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற வரி அச்சாகியிருக்கிறது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. ரசீது அச்சடிக்கக் கொடுக்கும் நம் சகோதரர்கள் அடுத்த கட்டுக்கு முன் அந்த வரியை நீக்கச் சொல்லலாம்.