மூன்று முடிச்சு, ஒரு பளிச்

பழைய போட்டோக்காரர்கள் பிளாஷைக் காதால் வாங்கினார்கள். பெரம்பலூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ திருச்சிக்குப் போய், கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் எடுத்துவைத்த பிளாஷுக்குள், சட்டைப்பையில் கொண்டுபோன நான்கு செல்லைப் போடுவார்கள். சுவிட்சைத் தள்ளிவிட்டுக் காதருகே பிடிப்பார்கள். உள்ளே கொசு ரீங்காரம்போல ஒன்று கிளம்பி, சுருதி ஏறி ஏறி, காதுக்கு எட்டாத உயரத்தில் போய் மறையும். முதுகிலிருக்கும் சிறு விளக்கு எரியும். எத்தனை எண்ணுவதற்குள் எரிந்தது என்பதுதான் கணக்கு. ஏழு, எட்டு என்றால் சரி. பதினைந்தைத் தாண்டினால், "வேற ஒண்ணு காட்டுங்கண்ணே." பிறகு பத்துத் தடவை அடித்துப் பார்த்து, உடம்பு சுடுகிறதா என்று தொட்டு, கருகல் வாடை அடிக்கிறதா என்று மோந்தும் பார்த்த பிறகே பணம் கைமாறும்.

இன்று அதே சாமான் பழுப்பு அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கு வருகிறது. காதில் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் 'வேற காட்டுங்க' என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. மலிவு பிளாஷைப் பற்றி ஸ்டுடியோக்காரர்கள் புலம்புவதற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது. பிளாஷ் எந்தக் காலத்திலும் நம்பகமான பொருளாக இருந்ததில்லை. அது கைவிடும்போது தாங்கிப்பிடிக்க யார் இருந்தார்கள் என்பதில்தான் காலத்துக்குக் காலம் மாற்றம்.

1858இல் சென்னை மாகாண அரசுக்காக லின்னேயஸ் ட்ரைப் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சாவூரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் இருந்த ஒரே விளக்கு சூரியன். அரியலூரிலும் குன்னத்திலும் சிறுவனாக உ.வே.சா. பாடம் கேட்டுக்கொண்டிருந்த 1860களில்தான் இங்கிலாந்தில் மக்னீசியக் கம்பியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படமெடுக்க ஆரம்பித்தார்கள். 1865இல் சார்லஸ் பியாட்சி ஸ்மித் அந்தக் கம்பியோடு எகிப்தியப் பிரமிடுக்குள்ளேயே போய்விட்டார். 1887இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து பளிச்சிடும் பொடி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படம் பிடிக்கும் பொடியா, வாண வேடிக்கை மருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாத கலவை அது. வெடித்தால் புருவம் போகும். வெடிக்காவிட்டால் படம் போகும். புகை அடங்கும்வரை அடுத்த படமும் கிடையாது.

1929இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த பிளாஷ் பல்பு புகையை ஒழித்தது. கண்ணாடிக்குள் உலோகத் தாள், ஆக்சிஜன். ஒரு தடவை எரிந்தால் அதோடு சரி. ஒரு பல்பு ஒரு படம் என்பதால் போட்டோக்காரர்கள் பல்பை எண்ணித்தான் அழுத்தினார்கள். பழைய கல்யாண ஆல்பங்கள் மெலிந்திருந்ததற்கு அந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம். இதற்கிடையில் அமெரிக்காவில் எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களில் மின்சாரத்தைச் சேமித்து வைத்து, வாயு நிரப்பிய குழாய்க்குள் ஒரேயடியாகப் பாய்ச்சும் வித்தையைத் தேற்றியிருந்தார். இன்று கையிலிருக்கும் ஒவ்வொரு பிளாஷும் அதன் வாரிசுதான்: நாலு செல்லின் ஆறு வோல்ட், உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேலாக ஏறி, ஒரு கண்டன்சரில் தேங்கி நின்று, செனான் குழாய் வழியாக நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் பாய்ந்து தீர்கிறது. அந்தக் கொசு ரீங்காரம், வோல்ட் ஏறும் சத்தம்.

இந்த மின்பிளாஷ் நம்மூர்க் கைகளுக்கு வந்துசேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. 1991க்கு முன் வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்ய லைசென்ஸ், தீர்வை என்று ஆயிரம் முட்டுக்கட்டை. படச்சுருளுக்கு ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. வீட்டுக் கேமராவுக்குப் பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் இருந்தது. நல்ல பிளாஷ் வேண்டுமென்றால் சென்னை பர்மா பஜார், அல்லது சபராளி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருபவர்கள் நிறைந்த லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களுக்கு டேப்ரெக்கார்டர், சென்ட் பாட்டிலோடு நேஷனலும் சன்பாக்கும் விவிட்டாரும் பெட்டியில் வந்தன. யாருடைய மச்சான் எப்போது வருகிறார் என்ற தகவல் ஸ்டுடியோக்காரருக்கு உறவுக்காரர்களைவிட முன்னதாகத் தெரிந்திருக்கும்.

அந்த பிளாஷ்களின் முதுகில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். பிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்ணான கைடு நம்பரை அடி அல்லது மீட்டர் தூரத்தால் வகுத்தால், லென்ஸைத் திறக்க வேண்டிய அளவான அப்பர்ச்சர் வரும். கைடு நம்பர் 28 என்றால், ஏழு மீட்டருக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து புள்ளி ஆறு, மூன்றரைக்கு எட்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவரும் இந்த வகுத்தலை மணவறைக்கு எதிரே நின்று மனக்கணக்காகப் போடுவார். தப்பு நேரும் இடம் வேறு. பென்டாக்ஸ் கே1000 மாதிரியான கேமராக்களில் பிளாஷ் போடும்போது ஷட்டர் வேகம் அறுபதில் நிற்க வேண்டும். வெயிலில் எடுத்துவிட்டு வந்த அவசரத்தில் வட்டை நூற்றிருபத்தைந்திலேயே விட்டுவிட்டால், ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்ட பிறகு பாதிப் படம் கறுத்திருக்கும். மாப்பிள்ளை இருப்பார், பெண் இருக்கமாட்டாள்.

பந்தலும் தன் பங்குக்குப் படுத்தும். பிளாஷ் தலையை மேலே திருப்பி, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுத்தால் முகம் மென்மையாக வரும் என்பது புத்தகப் பாடம். சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானாத் துணி கட்டிய பந்தலில் அதைச் செய்தால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் அம்மை போட்டதுபோல இருக்கும். கோயில் மண்டபத்தில் கருங்கல் கூரை வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும்.

தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோய் அப்படியே நிற்கிறார். "மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படிப் பாருங்க." எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத அந்த நிறுத்தத்தைச் சடங்குக்குள் நுழைத்தது போட்டோக்காரரின் பிளாஷ் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரு தடவை அடித்தால் அடுத்த வெளிச்சத்துக்கு எட்டு நொடி. அந்த எட்டு நொடிக்காக மந்திரமும் மேளமும் காத்திருக்கக் கற்றுக்கொண்டன.

1990கள் இந்தத் தொழிலுக்கு நல்ல காலம். 1993இல் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் வாக்காளர் அடையாள அட்டையில் படம் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1995 நவம்பரில் திருச்சியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. கலெக்டர் அலுவலகம் வந்தால் விண்ணப்பம் வரும். விண்ணப்பம் வந்தால் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. பலகை எழுதுபவருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவருக்கும் இந்தக் குழப்பத்தில் கிடைத்த வேலையில் ஸ்டுடியோக்காரருக்கும் கொஞ்சம் சிந்தியிருக்கும்.

அரியலூர்ப் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை தூசி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண் அது. அந்தக் கடலின் சுண்ணாம்புதான் இன்று சிமெண்டு. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் லாரிகள் ஓடும் சாலையோரக் கடைகளில் மெல்லிய தூள் எதிலும் படியும். கேமராவும் பிளாஷும் சேரும் ஹாட் ஷூவில் கடுகளவு உலோகப் புள்ளிகள்தான் தகவல் கடத்துகின்றன. அதில் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் பிளாஷ் அடிக்கும், அடிக்காது, தானாகவும் அடிக்கும். வைத்தியம் பள்ளிக்கூடப் பையில் கிடைக்கும்: பென்சில் அழிக்கும் ரப்பரால் நாலு தேய்ப்பு.

டிஜிட்டல் கேமரா வந்ததும் பழைய பிளாஷ் வில்லனாக மாறியது. ஆரம்பகால விவிட்டார் 283களில் சில, கேமராவோடு சேரும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வைத்திருந்தன. இயந்திர ஷட்டர் கொண்ட பழைய கேமரா அதைப் பொருட்படுத்தாது. புது டிஜிட்டல் கேமராக்களின் மின்னணுச் சுற்றோ அத்தனை வோல்ட்டைத் தாங்கும்படி அமைந்ததல்ல. அப்பா காலத்து பிளாஷ் நன்றாகத்தானே இருக்கிறது என்று புதுக் கேமராவில் மாட்டினால் போவது கேமரா. அதோடு, 2012இல் சென்னைக்கு வெளியே பத்து, பன்னிரண்டு மணி நேர மின்வெட்டு நடந்த காலத்தில், ஜெனரேட்டரில் ஓடிய ஆயிரம் வாட் வீடியோ லைட்டும் கைவிட்டபோது, செல்லில் ஓடும் பிளாஷ் ஒன்றுதான் துணை. ஆகவே புது பிளாஷ் வேண்டும். அதுவும் இரண்டு வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆன்லைன் கடைகள் வந்தன. 2007இல் புத்தகம் விற்கத் தொடங்கிய பிளிப்கார்ட் 2010இல் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2013இல் அமேசான் இந்தியாவில் கடை விரித்தது. சீனாவின் ஷென்சென் நகரத்து யோங்னுவோவும் கோடாக்ஸும் பரவலாகப் பெயர் தெரிந்தவை ஆயின. கேமரா கம்பெனிகளின் உயர்ரக பிளாஷ் முப்பதாயிரத்தைத் தாண்டியிருக்க, இவை ஐந்தாயிரத்துக்குள் கிடைத்தன. ஒன்றின் விலையில் ஆறு. இந்த மலிவு செய்த நன்மையை மறைக்க முடியாது: கம்பியில்லா ட்ரிக்கரும் இரண்டு மூன்று பிளாஷை மூலைக்கொன்றாக நிறுத்தும் பழக்கமும் மாவட்டத் தலைநகர் ஸ்டுடியோக்களுக்கு எட்டியது இவற்றால்தான்.

இவற்றுக்குப் பின்னால் பெயரே தெரியாத, அல்லது மாதத்துக்கொரு பெயரில் வரும் பிளாஷ்களும் வரிசையாக வந்தன. பெட்டிமேல் 'கைடு நம்பர் 58' என்று பெரிதாக இருக்கும். தலையை 105 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்து வெளிச்சத்தைக் குறுக்கினால் வரும் கணக்கு அது. பெயர்பெற்ற கம்பெனி பிளாஷிலும் அப்படித்தான். மணவறை முழுக்கத் தெரியும்படி 35இல் வைத்தால் அதே பிளாஷ் நாற்பதைத் தொடாது. முதுகில் அட்டவணை ஒட்டிய காலத்தில் இதை மறைக்க இடமில்லாமல் இருந்தது.

கோளாறுகளுக்கும் தனித்தனிச் சுபாவம் உண்டு. ஒரு படம் வெளுத்தும் அடுத்த படம் இருண்டும் வந்தால் ஒன்று செல்லில் கோளாறு, இல்லை கண்டன்சர் முழுதாக நிரம்புமுன்பே விளக்கு 'தயார்' என்று பொய் சொல்கிறது. எந்த அளவில் வைத்தாலும் முழு வெளிச்சமே அடித்தால், வெளிச்சத்தைப் பாதியில் வெட்டும் ஐஜிபிடி என்ற சில்லு செத்துவிட்டது. வரவேற்பு மேடையில் முழு வெளிச்சத்தில் விடாமல் அடித்தால் சூடேறித் தானே படுத்துக்கொள்வதும் உண்டு. விலை உயர்ந்தவற்றின் கையேடுகளும் தொடர்ந்து அடித்தால் ஓய்வு கொடுக்கத்தான் சொல்கின்றன. மலிவு பிளாஷில் சிக்கல், ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஒரே மாதிரி நடந்துகொள்ளாது என்பதுதான். ஒன்று ஐந்து வருடம் உழைக்கும். அதன் கூடப்பிறந்தது ஐந்தாவது கல்யாணத்தில் படுக்கும்.

கண்டன்சருக்கு இன்னொரு குணம். அலுமினியத் தாளின்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடுப் படலத்தை நம்பி இயங்குவது அது. நெடுநாள் சும்மா கிடந்தால் படலம் நலியும், மின்சாரம் கசியும். மாதம் ஒரு முறையாவது போட்டு நாலைந்து தடவை அடியுங்கள் என்று கம்பெனிக் கையேடுகள் சொல்வது இதற்காகத்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்காத ஊரில் பிளாஷும் அந்த மாதங்களில் பையோடு தூங்கும். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் பல்லிளிக்கும்.

ஆன்லைன் கடையின் விதி இந்த நாட்காட்டியோடு கொஞ்சமும் ஒட்டுவதில்லை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிச் சலுகையிலும் விலை சரியும். போட்டோக்காரர் அப்போதுதான் வாங்குவார். திருப்பி அனுப்பும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். கெடு முடியும்போது அந்த பிளாஷ் ஒரு கெட்டிமேளம்கூடக் கேட்டிருக்காது. தைமாதத்தில் பழுது தெரியவரும்போது வாரண்டி இருக்கும், சர்வீஸ் சென்டர் இருக்காது; இருந்தாலும் டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும்.

1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின்படி, விற்றவர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டம் அதை மாற்றியது: வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. மூவாயிரம் ரூபாய் பிளாஷுக்காக ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு எத்தனை தடவை அலைவது என்று கணக்குப் போட்டால், அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னொன்றை ஆர்டர் போடுவதே பலருக்கு எளிதாகப் படும்.

எஞ்சியிருப்பது ரிப்பேர் மேசை. டிவி, ரேடியோ பார்த்துப் பழகியவர் கைகளுக்கு இன்றும் பிளாஷ் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாலு திருகைக் கழற்றி மூடியைத் திறந்ததும் யாரும் உடனே விரலை விடமாட்டார்கள். செல்லை எடுத்த பிறகும் கண்டன்சருக்குள் முந்நூறு வோல்ட் நாள்கணக்கில் காத்திருக்கலாம். இரண்டு ஒயர் கோத்த ஹோல்டரில் ஒரு பழைய குண்டு பல்பை மாட்டி அதன் முனைகளைக் கண்டன்சரில் தொடுவார்கள். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் உள்ளே கை வைக்கலாம். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. கடை முழுக்க எல்இடி எரிந்தாலும், மேசை டிராயரில் பஞ்சு சுற்றிய ஒரு குண்டு பல்பு இதற்கென்றே கிடக்கிறது.