எலுவன்குளத்துக்கு அப்பால்: காடும் களமும்

பிரான்சு நாட்டில் வெர்டன் நகருக்கு அருகே ஃப்ளூரி என்றொரு கிராமம் இருந்தது. 1916ஆம் ஆண்டின் பெரும் போரில் அது பலமுறை கைமாறி, ஈற்றில் ஒரு சுவரும் மிஞ்சாமல் அழிந்தது. குண்டுகள் புதைந்த அம்மண்ணில் இனி ஏர் பூட்ட இயலாது என்று கண்ட அரசு, போருக்குப் பின்னர் அங்கு மரங்களை நட்டது. இன்று அது காடு. அக்காட்டினூடே முதியோரும் சிறுவரும் களைப்பின்றி நடக்கத்தக்க பாதைகள் உள்ளன. பாதையோரத்தில் சிறு அடையாளங்கள் நிற்கின்றன: இங்கே கொல்லன் பட்டறை இருந்தது, இங்கே உழவன் வீடு இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது. தளபதிகளின் சிலைகள் கூறாத வரலாற்றை அந்த அடையாளங்கள் கூறுகின்றன. காற்று வாங்க வந்தவனும் அங்கே சற்று நின்றுவிடுகிறான்.

நமது நாட்டிலும் அத்தகைய காடு ஒன்று உண்டு. ஆனால் அங்கே அடையாளங்கள் இல்லை.

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வீதி எலுவன்குளத்தில் கலா ஓயாவைச் சந்திக்கிறது. ஆற்றின் குறுக்கே இருக்கும் தாழ்ந்த பாலத்தைச் சப்பாத்துப் பாலம் என்று மக்கள் அழைப்பர். மழைக்காலத்தில் மேலேயுள்ள குளங்களின் கதவு திறந்தால் பாலம் நீரில் மூழ்கிவிடும். தாதுசேன மன்னன் காலத்தில், 5ஆம் நூற்றாண்டில், கட்டப்பட்ட கலா வாவியின் நீரே இவ்வழியாகக் கடலை அடைகிறது. ஆற்றுக்கு அப்பால் தொடங்குவது வில்பத்துக் காடு. வடக்கே மோதரகம் ஆறு வரையும், மேற்கே கடல் வரையும் அது பரந்து கிடக்கிறது. சமதரையான நிலம், பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த நிழல், இடையிடையே ‘வில்லு’ எனப்படும் நீர்நிலைகள். கால்களுக்கு இதைவிட எளிய வழி வேறில்லை. ஆயினும் தேசியப் பூங்காவின் விதிப்படி, பார்க்க வருவோர் வாகனத்தை விட்டு இறங்கி விரும்பியவாறு நடத்தல் ஆகாது. மிருகங்களின் நலம் கருதிய அவ்விதியை நாம் குறை கூறவில்லை. ஆனால் வாகனத்தின் சாளரம் வழியே சிறுத்தையைத் தேடும் கண்களுக்கு, இது மனிதன் தடமே பதியாத ஆதிகாலத்து வனம் என்ற மயக்கம் உண்டாகிறது. அந்த மயக்கத்தையே நாம் கலைக்க விரும்புகிறோம்.

காட்டினுள்ளே பொன்பரப்பி என்னும் இடத்தில் தொல்பொருள் ஆய்வாளர் முதுமக்கள் தாழிகளைக் கண்டெடுத்தனர். 1920களிலும், 1956ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், 1970இலும் அங்கு அகழ்வு நடந்தது. கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள் அகப்பட்டன. பொருநைக் கரையின் ஆதிச்சநல்லூரோடு அவற்றை அறிஞர் ஒப்பிட்டனர். ஒரே தாழியில் பலருடைய எலும்புகள் சேர்ந்து கிடந்தன. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்தில் இங்கே வாழ்ந்து, இங்கேயே புதைந்த மக்கள் அவர்கள். அவர்களுள் மன்னன் யார், குயவன் யார் என்று நாம் அறியோம். ஆனால் தாழியை வனைந்தவன் குயவன் என்பதை மட்டும் அறிவோம்.

மேற்கே கடலோரத்தில் குதிரைமலை. உரோமப் பேரரசன் கிளாடியசின் காலத்தில், காற்றில் அடிபட்ட கப்பல் ஒன்று இத்தீவின் ஹிப்புரோஸ் துறையில் ஒதுங்கியது என்று பிளினி எழுதினான். அத்துறை குதிரைமலையே என்பது அறிஞர் சிலரின் கருத்து. நமது கிராமத்து மக்களோ அதை அல்லி அரசாணியின் கோட்டை என்று கதை சொல்வர். 1344ஆம் ஆண்டு புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட இபுனு பத்தூத்தா, பாவாதமலை செல்வதற்கு மன்னன் தன்னோடு அனுப்பியவர்களைக் கணக்கிட்டிருக்கிறான்: யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர். யாத்திரிகனின் பெயரை உலகம் அறியும். சுமை தூக்கிய பதினைவரின் பெயரை எவரும் எழுதவில்லை.

போரின் கதையும் அவ்வாறே. 15ஆம் நூற்றாண்டில், கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், புத்தளம் ஒரு போர்க்களமாயிற்று. அதைக் கூறும் சிங்கள ஏடு ‘முக்கர ஹட்டன’. புத்தளத்தைப் பிடித்திருந்த முக்குவரை எதிர்க்க, காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் வரவழைக்கப்பட்டனர் என்று அவ்வேடு சொல்கிறது. வென்ற தலைவர்க்கு நிலமும் விருதும் கிடைத்தன. இரு பக்கத்திலும் மடிந்தவர் யார்? வலை வீசியும் ஓடம் செலுத்தியும் பிழைத்த கடலோரத்து உழைப்பாளிகள். கடலின் மக்கள் கடலின் மக்களைக் கொன்றனர். கோட்டை மன்னன் ஆட்சி நிலைத்தது.

வெள்ளையர் ஆட்சியில் வாள் வேறு உருவம் கொண்டது. 1905ஆம் ஆண்டில் வில்பத்து, சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் காட்டின் வடக்கெல்லையை அடுத்த மரிச்சுக்கட்டிக் கரையில் வரலாறு காணாத முத்துக்குளிப்பு நடந்தது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் அராபியரும் மூச்சடக்கி மூழ்கினர். மூழ்கியவனுக்குப் பங்கு மூன்றில் ஒன்று. கரையில் நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. மறு ஆண்டே கடற்படுகை ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் குத்தகையாகப் போயிற்று. சில ஆண்டுகளில் சிப்பியும் அற்றது. மிருகத்துக்குச் சரணாலயம் வகுத்த அரசு, மனிதனின் உழைப்புக்கு அத்தகைய காப்பு எதுவும் வகுக்கவில்லை.

1938இல் காடு தேசியப் பூங்காவாயிற்று. அரை நூற்றாண்டுக்குள் அதுவே களமாயிற்று. 1985 மே 14ஆம் நாள் அனுராதபுரத்தில் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்ற விடுதலைப் புலிகள், வில்பத்துக் காட்டிலும் சிங்கள மக்களைக் கொன்றனர். மறுநாள் நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் சென்ற தமிழ் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1988 டிசெம்பரில் பூங்கா மூடப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள், எழுபதாயிரம் பேருக்கு மேல், புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் புத்தளத்து மணலில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். 2003இல் பூங்கா திறந்தது. 2006 மே 27ஆம் நாள் காட்டு வழியில் வெடித்த கண்ணிவெடி எழுவரைக் கொன்றது. அவர்களுள் ஒருவர் எழுத்தாளர் நிஹால் டி சில்வா. சிங்கள இராணுவ அதிகாரி ஒருவனும் புலிப் பெண்ணொருத்தியும் இதே வில்பத்தினூடே நடந்து ஒருவரையொருவர் மனிதராய் அறிவதைத் தமது முதல் நாவலிலே எழுதியவர் அவர். 2007இல் வடக்கெல்லைக்கு அப்பாலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ் மக்கள் இராணுவத்தால் அகற்றப்பட்டனர். அவர்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. 2017இல் அம்மக்கள் வீதியோரம் அமர்ந்து போராடிய பிறகே அவர்களது நிலத்தில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது.

போர் 2009இல் ஓய்ந்தது, வழக்கு ஓயவில்லை. மீண்டுவந்த முஸ்லிம் மக்களின் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய ஊர்களை இருபதாண்டில் காடு மூடியிருந்தது. அந்நிலம் வர்த்தமானி அறிவித்தல்களால் வனமாகவும் பிரகடனமாயிற்று. குடியேற்றத்துக்காகக் காட்டை அழித்தது சட்டவிரோதம் என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்டைக் காத்தல் நமது கடமையே, அதில் ஐயமில்லை. மரங்கள் வீழ்ந்தால் நீர் வற்றும்; நீர் வற்றினால் முதலில் வாடுபவன் ஏழை உழவன். ஆனால் துப்பாக்கி முனையில் ஊரைவிட்டு ஓடியவனின் முற்றத்தில் மரம் முளைத்ததற்கு அவனா பொறுப்பு? காட்டின் நண்பர்கள் மனிதனின் பகைவராகவும், மனிதனின் நண்பர்கள் காட்டின் பகைவராகவும் காட்டப்படும்போது ஆதாயம் அடைவோர் வேறு யாரோ என்பதை நாம் மறக்கலாகாது.

பள்ளிக்கண்டல் அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு எலுவன்குளம் வழியாகத் தமிழரும் சிங்களவரும் காட்டினூடே செல்கின்றனர். ஒரே வழியில் ஒன்றாகச் செல்லும் பழக்கம் மக்களிடம் அழியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

எனவே நாம் கேட்பது மிகச் சிறிய ஒன்று. பூங்காவின் வாயிலில் மிருகங்களின் படங்களோடு இந்த மண்ணின் மனிதர்களின் கதையும் இடம்பெறட்டும். தாழி புதைத்தவர், முத்துக்குளித்தவர், 1985இல் மாண்டவர், 1990இல் துரத்தப்பட்டவர், 2006இல் சிதறியவர், 2007இல் ஊரிழந்தவர் எல்லோர்க்கும் மூன்று மொழியிலும் எளிய கல் ஒவ்வொன்று நாட்டப்படட்டும். ஒரு கல்லை வைத்து மறுகல்லை மறைத்தல் வேண்டாம். ஆசிரிய நண்பர்கள் மாணவரை அழைத்துக்கொண்டு எலுவன்குளத்துப் பாலத்தடிக்கு வரட்டும். வரலாற்றுப் பாடத்தை அங்கிருந்து தொடங்கட்டும். அரசு கல் நாட்டும்வரை அவர்களின் நாவே அடையாளமாக நிற்கட்டும்.