‘இரண்டாம் பால்’ நூலும் அதன் ஆங்கிலப் பெயர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
சிமோன் தெ பொவ்வார் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘இரண்டாம் பால்’ (1949), இருபதாம் நூற்றாண்டுப் பெண்ணியச் சிந்தனைக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று. 1953இல் வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பு, இந்நூலை உலகறியச் செய்ததோடு அதன் மெய்யியல் அடையாளத்தை மங்கவும் செய்தது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பெண்ணியம், இருத்தலியல், மொழிபெயர்ப்பு, சுருக்கம், பெண் வரலாறு.

முன்னுரை
பிரான்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் வழியாகும். 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகப்புரை, எல்லாத் துறைகளிலும் ஆணுக்கு நிகரான உரிமையைப் பெண்ணுக்கு உறுதியளித்தது. எனினும், மனைவி தொழில் செய்வதைக் கணவன் தடுப்பதற்கான சட்டவழி 1965 வரை நீடித்தது. ஏட்டில் சமத்துவம் எழுதப்பட்ட பின்னும் பெண் ஏன் இரண்டாம் நிலையிலேயே நிற்கிறாள் என்னும் வினா, இச்சூழலில்தான் நூல் வடிவம் பெற்றது.

மூலநூலின் அமைப்பும் வரவேற்பும்
கல்லிமார் பதிப்பகம் 1949இல் இந்நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதி உயிரியல், உளப்பகுப்பாய்வு, வரலாற்றுப் பொருள்முதல்வாதம் ஆகியவை பெண்ணுக்கு அளித்த விளக்கங்களைப் பரிசீலித்து, வரலாற்றையும் தொன்மங்களையும் ஆராய்கிறது. இரண்டாம் தொகுதி, குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை பெண் வாழ்ந்தறியும் அனுபவத்தை விரிக்கிறது. ஆண் தன்னை அளவுகோலாக வைத்துப் பெண்ணை ‘மற்றமை’ ஆக்குகிறான் என்பதும், பெண்மை உடலோடு பிறப்பதன்று, சமூகம் வனைந்து தருவது என்பதும் நூலின் மையக் கருத்துகள். ‘லெ தாம் மொதெர்ன்’ இதழில் இதன் பகுதிகள் வந்தபோதே எழுத்தாளர் பிரான்சுவா மொரியாக் கடுமையாக எதிர்த்தார். 1956இல் வத்திக்கான் இந்நூலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆங்கிலப் பெயர்ப்பின் போக்கு
அமெரிக்காவின் நாஃப் பதிப்பகம், இந்நூலைப் பாலியல் பற்றிய அறிவுநூலாகக் கருதியே உரிமை பெற்றது. மொழிபெயர்ப்பு ஸ்மித் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் எச்.எம். பார்ஷ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மெய்யியல் புலத்தைச் சார்ந்தவர் அல்லர். பதிப்பகத்தின் விருப்பப்படி சில பகுதிகளைச் சுருக்கியதாக அவரே முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். எனவே, குறைகள் அனைத்தையும் அவர் ஒருவர் மீதே சுமத்துதல் பொருந்தாது.

1983இல் மார்கரெட் சைமன்ஸ் மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, சுருக்கத்தின் அளவைப் புலப்படுத்தியது. வரலாற்றுப் பகுதியில் பெருமளவு நீக்கப்பட்டிருந்தது. அரசியலிலும் போரிலும் கலையிலும் பங்காற்றிய 78 பெண்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. பெண்ணை வரலாறு எவ்வாறு ஓரத்தில் நிறுத்தியது என விளக்கும் நூலிலிருந்தே பெண்களின் பெயர்கள் உதிர்ந்தன என்பது கருதத்தக்கது. சான்றுகள் குறைந்ததால், ஆசிரியர் போதிய ஆதாரமின்றிப் பொதுமைப்படுத்துகிறார் என்ற எண்ணம் ஆங்கில வாசகரிடம் எழ இடமேற்பட்டது.

கலைச்சொற்களின் திரிபு
நீக்கங்களைவிட ஆழமான சிக்கல் கலைச்சொற்களில் உள்ளது. ‘மனித இருப்பு’ என்னும் பொருளில் வந்த இருத்தலியல் கலைச்சொல், ஆங்கிலத்தில் ‘மனித இயல்பு’ என்னும் பொருள்படும் சொல்லாயிற்று. மனிதருக்கு முன்னரே வரையறுக்கப்பட்ட இயல்பு எதுவும் இல்லை என்பது இருத்தலியலின் அடிப்படை. பெண்ணுக்கென மாறா இயல்பு உண்டு என்னும் கருத்தை மறுப்பதே பொவ்வாரின் நோக்கம். ஆகவே, அவர் மறுத்த கருத்தையே அவர் கூற்றாக இச்சொல் காட்டிவிடுகிறது. இரண்டாம் தொகுதியின் தலைப்பான ‘வாழ்ந்தறிந்த அனுபவம்’, ‘இன்றைய பெண்ணின் வாழ்க்கை’ எனப் பொருள்பட மாற்றப்பட்டது. இதனால் நிகழ்வியல் சார்ந்த ஒரு கருத்தாக்கம் வெறும் சமூக விவரணையாகத் தோன்றியது.

2009இல் கான்ஸ்டன்ஸ் போர்ட், ஷீலா மலோவனி-செவாலியே ஆகியோரின் முழுமையான பெயர்ப்பு வெளிவந்தது. விடுபட்டவை மீண்டன. ஆயினும், நூலின் புகழ்பெற்ற தொடரில் ‘பெண்’ என்னும் சொல்லுக்கு முன் ஆங்கிலச் சுட்டிடைச்சொல் வேண்டுமா என்பது புதிய விவாதமாயிற்று. அச்சொல் இருப்பின் தனியொரு பெண்ணையும், இல்லையெனில் ‘பெண்’ என்னும் சமூக வகைமையையும் அத்தொடர் சுட்டும் என்பதே விவாதத்தின் சாரம்.

முடிவுரை
அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆங்கிலம் வழியே இந்நூலைக் கற்றோர், பொவ்வாரை மெய்யியலாளராக அன்றிச் சமூக விமர்சகராக மட்டுமே காண நேர்ந்ததில் 1953ஆம் ஆண்டுப் பெயர்ப்புக்குக் கணிசமான பங்குண்டு. அப்பெயர்ப்பின் அடிப்படையில் எழுந்த திறனாய்வுகள் பொவ்வாரிடம் கண்ட முரண்களுள் எவை மூலத்திற்குரியவை, எவை பெயர்ப்பால் விளைந்தவை என்று பிரித்தறிதல் இன்றியமையாதது. பெயர்ப்பின் வழி ஒரு சிந்தனையாளரை மதிப்பிட முனையும் ஆய்வாளர், எப்பதிப்பைக் கொண்டு மதிப்பிடுகிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபாகும்.