கௌரவம் என்றொரு கூலி

தென்பெண்ணையாற்றில் நிற்கும் குன்றுக்குக் கபிலர் பெயர். கோவலூர் மன்னன் மலையமான் காரியிடம் அவர் சொன்னார்: கொடுப்பது எளிது, வந்தவர் தரமறிவதுதான் அரிது. புறநானூற்றின் 121ஆம் பாட்டு. எம்.ஏ. முடித்து ஒரு கல்லூரியில் மணிக்கணக்கில் இதை நான் நடத்தியபோது, பணியாளர் அறையில் மற்றவர்கள் 'மேடம்', நான் மட்டும் 'ஏம்மா'. 'கெஸ்ட்' என்றும் சொல்வார்கள். விருந்தாளியாம்!

இந்த விருந்தாளிகள் எப்படிப் பெருகினார்கள்? 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006இல் தடை போனது, தற்காலிக ஆளை வைத்து ஓட்டும் பழக்கம் போகவில்லை. 2013இல் 1,093 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தார்கள். 2019இல் அறிவித்த 2,331 இடங்கள் நிரப்பப்படவே இல்லை. நிரந்தர இடம் நிரம்பினால்தானே நமக்குரிய 18 விழுக்காடும், அதற்குள் 2009இல் வந்த அருந்ததியர் 3 விழுக்காடும் முழுசாய்க் கைக்கு வரும்? இடஒதுக்கீட்டை எதிர்த்து யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. நாற்காலியைக் காலியாக வைத்தால் போதும்.

2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு, வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்றது. தமிழகத்து அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் அப்போது வாங்கியது 15,000. பிறகு 20,000, 25,000 என ஏறியது, அதுவும் பதினோரு மாதத்துக்கு. எனக்கும் மே மாதம் கிடையாது. "பாடம் சொல்றவளுக்கு மே மாசம் கூலி இல்லியா? எனக்குக் கரும்பு வெட்டாவது இருக்குதே" என்றாள் அம்மா.

மகப்பேறு இன்னொரு கதை. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் மண்வேலை செய்த பெண்களுக்கும் மகப்பேறுச் சலுகை உண்டென்று 2000இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூலிப் பெண்கள் வென்ற அந்த உரிமையைப் படித்த நாங்கள் கேட்கப் பயந்தோம். கேட்டால் அடுத்த ஜூனில் கூப்பிட மாட்டார்கள். வயிறு தெரியும்வரை மறைத்து வகுப்பெடுத்தவளை எனக்குத் தெரியும். அமெரிக்கக் கல்லூரிகளில் பகுதிநேரம் கற்பிக்கும் கறுப்பினப் பெண்களும் அடுத்த பருவத்துக்கு அழைப்பு வருமா என்றுதான் காத்திருக்கிறார்கள். அங்கே நிறம், இங்கே சாதி.

குஜராத்தில் 30,000 ரூபாய்க்கு வேலைசெய்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தரப் பணியாளரின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைத் தரும்படி 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் சம்பளம் ஏறினாலும் சுழற்சிமுறைக் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்தத் துறையில் எத்தனை தலித் பெண்கள், எத்தனை ஆண்டாகத் தற்காலிகம்? தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்கப் பத்து ரூபாய் போதும். திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று கல்லூரிவாரியாக மனுப் போடுவோம். எழுத வருகிற மாணவர்கள் வரட்டும்.