களவெட்டியில் அடங்கிய நா

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் திசையில் அமைந்தமையால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பரப்பில், உன்னிச்சைக் குளத்தை அண்டிய வயல்வெளிகள் உள்ளன. வாவியின் கிழக்கிலுள்ள எழுவான்கரையில் குடியிருந்த போடியார்கள், அதாவது பெருநிலக்காரர்கள், பலர் படுவான்கரையில் வயல் வைத்திருந்தமையால், அவர்களின் ஆட்கள் தோணியில் வாவியைக் கடந்து வந்து, வாடி எனப்படும் வயற்குடிலில் போகம் முடியும்வரை தங்கினர். ஊரைப் பிரிந்து, ஒரே அடுப்பில் உண்டு, மாதக்கணக்கில் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்திருக்கும் சிறு கூட்டத்தின் மனநிலையை விண்கலக் கதைகள் இன்று கற்பனையில் ஆராய்கின்றன. வாடியில் அது ஆண்டுதோறும் நேர்ந்த நடைமுறைச் சிக்கலாக இருந்தது.

ஆட்களை நடத்தும் பொறுப்பு முல்லைக்காரன் என்னும் தலைவனிடமும், வட்டை எனப்படும் வயற்றொகுதியின் நீர்ப்பங்கீடும் வேலியும் வட்டவிதானையிடமும் இருந்தன. நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களுக்கு 1856ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அரச வலு அளித்தது. எனினும், நள்ளிரவில் பரணில் காவலிருப்பவன் கண்ணயர்ந்தால் யானையோ பன்றியோ எல்லோரது உழைப்பையும் அழித்துவிடும் என்ற அச்சமே எச்சட்டத்தையும்விட ஆட்களைக் கட்டி வைத்தது.

கட்டுப்பாடு உச்சம் பெற்ற இடம் களவெட்டி என வழங்கும் சூடடிக்கும் களமாகும். அங்கு அன்றாடப் பேச்சு விலக்கப்பட்டு, களத்துக்கே உரிய சொற்கள் ஆளப்பட்டன. தூற்றிய நெற்குவியல் ‘பொலி’ ஆயிற்று, குறைவையும் முடிவையும் உணர்த்தும் சொற்கள் தவிர்க்கப்பட்டன. தகாத சொல் கேட்டால் பூதங்கள் விளைவைக் கவர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. சிங்கள உழவரிடமும் இத்தகைய களமொழி உண்டு. அறுவடைக் களைப்பில், கூலியும் பங்கும் அளக்கப்படும் வேளையில், சினத்தில் எழும் சொல்லே சண்டைக்கு வித்தாகும் என்பதை எண்ணினால், நாவடக்கம் நெல்லை மட்டுமன்றி உறவையும் காத்தது எனலாம்.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைமாரின் பணியைப் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. பின்னர் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பல நாள் களவேலையைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கின. சேர்ந்திருக்கும் காலம் குறைந்தபோது, அதற்கென வளர்ந்த மொழியும் வழக்கொழியத் தொடங்கியது.