ஓசூர் எல்லையில் பள்ளி நூலகமும் கையடக்கக் கருவியும்: ஒரு வரலாற்று ஆய்வு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குள் கணினியும் கைபேசியும் டேப்லெட்டும் வந்த வழியைத் தேடிப்போனால் மூன்று வாசல்கள் தென்படுகின்றன: ஆய்வகம், பாடநூல், அலுவலகம். நூலகத்தின் வாசல் வழியாக மாநில அளவில் எந்தக் கருவியும் உள்ளே வந்ததாகச் சொல்ல முடியாது. இந்த விடுபடல் எப்படி நேர்ந்தது, அதனால் யாருக்கு இழப்பு என்பதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லைப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ஆகியவை இங்கே எடுத்துக்கொண்ட வட்டாரங்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஐபோனின் உறைப்பகுதிகளைச் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இதே மாவட்டத்தில்தான் இயங்குகிறது. உலகத்தின் விலையுயர்ந்த கைபேசிக்கு இங்கே உடம்பு வார்க்கிறார்கள். அதே மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 71.46 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 80.09. கருவி பெருகினால் கல்வியும் பெருகும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நிலமும் மொழியும்

ஓசூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜூஜூவாடி, அங்கிருந்து தமிழ்நாடு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே உற்பத்தியாகத் தொடங்கின. தர்மபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. பிறகு மின்சார ஸ்கூட்டர், கைபேசி உதிரிபாகம் என்று ஆலைகளின் இனமே மாறிவிட்டது.

ஆலைகள் வருவதற்கு முன்பிருந்தே இது பல மொழி நிலம். தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டில் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன; தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் உண்டு. இதன்மேல் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் எனப் பல இடங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது சேர்கிறார்கள். தமிழ் கற்பிப்பதற்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அந்தச் சட்டத்தின் அரசியலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். அது நூலகத்துக்கு விடுத்த கேள்வியைத்தான் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், தேர்வில் ஆங்கிலமும் என்று வாழும் பிள்ளைக்குப் பள்ளி அலமாரியில் எந்த மொழிக் கதைப்புத்தகம் இருக்க வேண்டும்?

பூட்டிய பீரோவின் வரலாறு

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது, இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அவர் நினைவூட்டுகிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன முயற்சியும் நடந்தது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் முதலில் வந்தது இங்கேதான். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகி, மாவட்ட, கிளை, ஊர்ப்புற நூலகங்கள் பெருகின.

ஆனால் அந்தச் சட்டம் பொது நூலகத்துக்கானது. பள்ளி நூலகம் அதன் நிழலுக்கு வெளியே நின்றுவிட்டது. வரி வருமானமும் தனிப் பணியாளரும் பொது நூலகத்துக்குக் கிடைத்தன. பள்ளி நூலகத்துக்கு மிஞ்சியது மானியமும் பொறுப்பாசிரியரும்தான். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்குப் புத்தகப் பொதிகளை அனுப்பியது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் நூலக மானியம், வகுப்பறையில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிடும் ‘புத்தகப் பூங்கொத்து’ என்று முயற்சிகள் தொடர்ந்தன. இப்போது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூல் வாங்கக் கிடைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பள்ளி நூலகப் பீரோ பூட்டியே கிடப்பதற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. எனக்கு அது ஒப்பவில்லை. காரணம் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. நூல் ஓர் அரசுச் சொத்து. தணிக்கையில் ஒரு நூல் குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகம் கிழிந்து திரும்பினால் அது வாசிக்கப்பட்டதற்கான சான்று. பதிவேட்டின் கண்ணுக்கு அது சேதாரம். நூலகர் என்ற தனிப் பணியிடம் இல்லாத பள்ளியில் கணித ஆசிரியரோ தமிழாசிரியரோ இந்தச் சுமையைக் கூடுதலாகச் சுமக்கிறார். பூட்டு அவருக்குப் பாதுகாப்பு.

2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் இந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய சிறு நூல்களை அது பிள்ளைகளின் கைக்கே கொண்டுபோனது. மெல்லிய, விலை குறைந்த நூல் தொலைந்தாலும் தலைபோகிற காரியமில்லை. எளிய வடிவத்துக்குள் இருந்த இந்த நிர்வாகச் சூட்சுமம் போதிய கவனம் பெறவில்லை.

மூன்று வாசல்கள்

கருவியின் கதை வேறு பாதையில் போகிறது. 1984இல் நடுவண் அரசு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொண்டு பள்ளிகளில் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியபோதே கணினி என்பது தனி அறைக்குரிய பொருள் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டில் அதன் வளர்ந்த வடிவம் உயர்தொழில்நுட்ப ஆய்வகம். 2019ஐ ஒட்டி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்ற பெயரில் அது போய்ச் சேர்ந்தது. இது முதல் வாசல். பயன் உண்டு, ஆனால் நேர அட்டவணைப்படி, வகுப்பு வகுப்பாக, ஆசிரியர் மேற்பார்வையில் நுழையும் இடம் அது. பிள்ளை தன் விருப்பத்துக்கு எதையோ தேடிப் படிக்க அங்கே நேரம் கிடையாது.

இடையில் ஒரு விதிவிலக்கு நேர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கருவியை அறையிலிருந்து பிரித்து மாணவரின் தோள்பையில் போட்டது. பிள்ளையின் கையில் கருவி கொடுத்தால் கற்றல் உயரும் என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில் உலகம் முழுக்கவும் நிலவியது. பெரு நாட்டின் ஊரகப் பள்ளிகள் 319இல் நடந்த ஆய்வு 2012இல் வெளியானபோது, பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்ததால் கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. தமிழ்நாட்டின் அனுபவத்தை அப்படியே அதோடு ஒப்பிட முடியாது. இங்கே மேல்நிலை மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும்தான் கருவி போனது. கிராமத்துக் குடும்பத்தில் முதல் கணினி என்ற சமூக மதிப்பும் அதற்கு இருந்தது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: கருவியோடு வாசிக்கத்தக்க பொருளும், அதைத் தேர்ந்து தரும் மனிதரும் சேர்ந்து போகவில்லை. நூலகத்தின் வேலையே அதுதான்.

இரண்டாவது வாசல் பாடநூல். 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய நூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகியிருந்தன. முந்தைய ஆண்டு தொடங்கிய தீக்ஷா என்ற இணையவழிக் கல்வித் தளத்தோடு அவை இணைந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் குறியீட்டைத் திறக்கக் கைபேசி வேண்டும். பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது. 2022 மே மாதம் கல்வி அமைச்சர் அந்தத் தடையை மீண்டும் வலியுறுத்தினார். தடை தவறென்று நான் சொல்லவில்லை. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, நான்கில் ஒரு நாடு ஏதேனும் ஒரு வகையில் பள்ளிகளில் கைபேசியைத் தடுத்திருப்பதாகச் சொல்கிறது. கவனச் சிதறல் உண்மையான சிக்கல். ஆனால் புத்தகம் கேட்பதைப் பள்ளி மறுக்கும்போது, அந்தக் குறியீடு வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைக்கு மட்டும் திறக்கும் கதவாகிவிடுகிறது. பள்ளி வளாகத்துக்குள் மேற்பார்வையோடு அதைத் திறக்க ஏற்ற இடம் நூலகம்தான்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இந்த இடைவெளி பட்டவர்த்தனமானது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி ஓரளவு ஈடுகொடுத்தது. ஓசூர் நகரில் இணையம் கிடைத்தது. தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் அப்பால் காட்டை ஒட்டிய மலைக்கிராமங்களில் சிக்னலே அரிது. எல்லையோரத்தில் இன்னொரு பழைய விசித்திரமும் உண்டு: தமிழ்நாட்டு வீட்டில் இருந்தபடியே கர்நாடகக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கும் கைபேசிக்கு, நிறுவனங்கள் 2017 வாக்கில் கைவிடும்வரை, ரோமிங் கட்டணம் விழுந்தது.

மூன்றாவது வாசல் அலுவலகம். வருகைப் பதிவு, மதிப்பீடு, நலத்திட்டப் பதிவு எல்லாம் ஆசிரியரின் கைபேசிக்குள் நுழைந்தன. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடும் செயலி வழியாகவே நடக்கிறது. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் வழங்கும் திட்டம் வந்தது. எண்ணிக்கையைப் பார்த்தால், தமிழ்நாட்டு ஆரம்பப் பள்ளிகளுக்குள் இதுவரை வந்த கையடக்கக் கருவிகளில் பெரிய தொகுதி இது. அது ஆசிரியர் பெயரில், ஆசிரியர் பணிக்காக வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஜூஜூவாடியைத் தாண்டினால் வரிசை தலைகீழாகிறது. கர்நாடக ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறை 2020இல், பெருந்தொற்றுக் காலத்திலேயே, ‘ஓதுவ பெளகு’ என்ற இயக்கத்தை நடத்திப் பிள்ளைகளைக் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் கட்டணமின்றி உறுப்பினராக்கியது. ஷிக்ஷணா அறக்கட்டளையும் டெல் நிறுவனமும் துணைநின்ற ‘கிராம டிஜி விகசன’ திட்டத்தில் ஸ்மார்ட்போன்களும் கணினிகளும் அந்த நூலகங்களுக்கே போயின. அந்த ஏற்பாட்டில் கருவி நூலகத்தின் உடைமை. பிள்ளை அங்கே வந்து எடுத்துப் பார்க்கிறது. அங்கும் குறைகள் இருக்கும். நூலகருக்கு ஊதியம், இணைய வேகம் என்று எங்கும் உள்ள சிக்கல்கள்தான். ஆயினும் கருவியைத் தனியொருவரின் பொருளாகக் கருதாமல் ஊரின் பொதுப்பொருளாக வைத்த முடிவு கவனத்துக்குரியது. இதை ஏதோ அயல்நாட்டு முறை என்று தள்ளவும் முடியாது. நூலகப் பொதுவுடைமையை இந்த மண்ணில் வலியுறுத்திய ரங்கநாதன் தம் கடைசி ஆண்டுகளைப் பெங்களூரில்தான் கழித்தார். 1962இல் அங்கே ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார்.

பெங்களூர் இன்னொன்றையும் தந்திருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பரில் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா, வங்காளம் உள்ளிட்ட பல மொழிகளில் சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யாரும் தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். ஒரே படக்கதையைத் தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் படிக்க முடியும்.

சூளகிரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றுக்கு இது என்ன பொருள் தரும்? ஆண்டுக்கு 5,000 ரூபாயில் ஐந்து மொழிகளில் அலமாரி நிரப்ப முடியாது. தமிழ்நாட்டுச் சந்தையில் ஒடியாச் சிறுவர் நூலைத் தேடி வாங்கவும் வழியில்லை. ஒரு டேப்லெட்டில் தரவிறக்கி வைத்த கதைகள் அந்த அலமாரியை நிரப்பிவிடும். சிக்னல் இல்லாத மலைக்கிராமத்திலும் அது வேலை செய்யும். அச்சுநூல் எட்டாத மொழியை எட்டச் செய்வதுதான் எல்லைப் பள்ளி நூலகத்தில் கருவிக்குரிய முதல் வேலை என்று கருதுகிறேன். தமிழில் நல்ல அச்சுநூல் தாராளமாகக் கிடைக்கும்போது அதைத் திரையில் படிக்கச் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை.

தீக்ஷா தளம் இந்த வேலையைச் செய்யாதா என்று கேட்கலாம். அது மாநிலப் பாடத்திட்டங்களின்படி பகுக்கப்பட்டது. கன்னடப் பாடம் கர்நாடகப் பாடத்திட்டத்தின் கீழ் இருக்கும். ஓசூரின் கன்னட வழி மாணவர் படிப்பதோ தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். மொழி பொருந்தினால் பாடம் பொருந்தாது, பாடம் பொருந்தினால் மொழி பொருந்தாது. கதைநூலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பதாலேயே நூலகம் மாநில எல்லையைக் கடக்கிறது.

கிருஷ்ணகிரியில் இதைத் தொடங்கப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியர்களுக்குத் தந்த கையடக்கக் கணினியை வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளைக்குப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். அதற்கு அனுமதிக்கும் துறை உத்தரவும், அப்போது திரை உடைந்தால் ஆசிரியரிடம் பணம் பிடிக்க மாட்டோம் என்ற ஒரு வரியும் முதலில் வேண்டும். வட்டார வள மையத்தில் மொழிவாரியாகக் கதைகளைத் தொகுத்து மெமரி கார்டில் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம். பதிவேட்டில் கருவியை நூலக இருப்பாகக் காட்ட ஒரு தலைப்பு திறக்க வேண்டும்.